நிறம் போன தண்ணீர்

ஜனவரி 20

வேலையில் சேர்ந்துவிட்டேன். மொட்டையம்பாளையத்துச் சாயப்பட்டறை. கல்லூரியில் இத்தனை வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கடைசியில் வாய்த்தது இது. "கெமிஸ்ட்ரி படிக்க ஆளே வர்றதில்லம்மா, டிபார்ட்மென்ட்டை மூடறோம்" என்று பிரின்சிபால் சொன்னபோது கையிலிருந்த டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை. உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எந்த டீக்கடையைத் தாண்டினாலும் எனக்குக் கோபம் வருகிறது.

முதலாளி பெயர் ரத்தினசபாபதி. சட்டைப்பையில் எப்போதும் துணித் துண்டுகள் வைத்திருக்கிறார். பேசும்போது ஒன்றை எடுத்து விரலில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்.

"தண்ணியில கலர் இருக்கக்கூடாதுங்க டீச்சர். அது ஒண்ணுதான் உங்க வேலை."

"உப்பு இருக்குமே சார்?"

"அதுக்குத்தான் ஆர்.ஓ. பிளான்ட் போட்டிருக்கறமுங்களே. கலரோட தண்ணி போனா அதுல சவ்வு அடைச்சுக்குது. நீங்க கலரை எடுத்துக் குடுங்க. மிச்சத்த அது பாத்துக்கும்."

பின்பக்கம் தகரக் கதவு போட்ட அறையைக் காட்டினார். பூட்டியிருந்தது. சாவி கொண்டு வரச் சொன்னார். யாரும் கொண்டு வரவில்லை. அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 22

கழிவுத் தொட்டியருகே நின்று பார்த்தேன். காலையில் ரத்தச் சிவப்பு, மத்தியானம் கருநீலம், சாயங்காலம் இரண்டும் கலந்து பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். கை வைக்க முடியாத சூடு.

உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு ஆறாயிரத்துச் சொச்சம் மில்லிகிராம். குடிக்கிற தண்ணீரில் இரண்டாயிரத்தைத் தாண்டினாலே வாயில் வைக்க முடியாது. சாயம் துணியில் ஏறுவதற்காக மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொண்டு உப்பை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் உப்பு என் வேலை இல்லை. அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 30

நிலக்கடலை ஓட்டை இடித்துச் சலித்து, கழுவிக் காயவைத்து, சாயத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். காலையில் எவ்வளவு சிவப்போ சாயங்காலமும் அவ்வளவு சிவப்பு. கடலை ஓடுதான் அழகாகச் சிவந்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடுவையைப் போட்டு உடைத்திருப்பேன். கடலை ஓடு, வேப்பிலை, புளியங்கொட்டை, வாழைப்பழத் தோல் என்று எதைப் போட்டாலும் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிறம் போகிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மெத்திலீன் நீலம். காய்ச்சி வடித்த தண்ணீரில் சிட்டிகை நீலத்தைக் கரைத்து, அதில் தூளைப் போட்டு, போய்விட்டது பார் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நீலம் எந்தக் குப்பையிலும் ஒட்டிக்கொள்ளும் சாயம். பனியன் துணிக்கு ஊரில் யார் மெத்திலீன் நீலம் போடுகிறார்கள்? இங்கே ஓடுகிற சாயத்தின் மின்சுமை அதற்கு நேர் எதிர். கடலை ஓடு அதைக் கிட்டே சேர்ப்பதில்லை. அந்தக் கட்டுரைக்காரர்களில் ஒருவராவது ஒரு சாயப்பட்டறையின் பின்வாசலில் போய் நின்றிருப்பாரா?

பிப்ரவரி 6

வேப்பிலையில் நிறம் போகவில்லை. புளியங்கொட்டையிலும் இல்லை. தென்னை நார்க்கழிவில் கொஞ்சம் போனது. பிரபாகர் சாப்பிடும்போது, "உன் கையெல்லாம் என்ன கலர் இது?" என்றான். பத்து வருடம் குடும்பம் நடத்தியவன் ஒரு வாரம் கழித்துத்தான் கையைப் பார்க்கிறான். ரசத்தை ஊற்றினேன்.

பிப்ரவரி 12

தேங்காய்த் தொட்டிக்கரி. காங்கேயத்துப் பக்கமிருந்து நான்கு மூட்டை வரவழைத்தேன். வெறும் கரி போதாது. குருணையாக இடித்து, அமிலத்தில் ஊறவைத்து, மூடிய டிரம்மில் மறுபடி சுட்டேன். முகம், கழுத்து, மூக்குக்குள் எல்லாம் கரி. மானேஜர் மாதிரி திரிகிற ஓர் ஆள், "மேடம், அடுப்புக்கரி விக்கப் போறீங்களா?" என்று சிரித்தான். "உன்னைச் சுட்டா என்ன கரி வரும்னு பாக்கலாம், வா" என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

பிப்ரவரி 19

பிடிக்கிறது!

சாயத் தண்ணீர் காரமாக இருப்பதால்தான் இத்தனை நாள் ஒட்டவில்லை. அமிலம் விட்டு அந்தக் காரத்தை இறக்கிவிட்டுக் கரியில் ஓடவிட்டேன். குழாயின் மேலே கருஞ்சிவப்பு, நடுவில் இளஞ்சிவப்பு, கீழே ஒன்றுமில்லை. கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது. நின்றுகொண்டே அழுதேன். பிறகு அந்தப் பிரின்சிபால் ஞாபகம் வந்து அழுகை நின்றுவிட்டது.

ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பிரபாகர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அட! குடிக்கலாம்போல இருக்கே, கோதை."

"குடிச்சுப் பாரு. வாந்திதான் எடுப்பே. உப்பு அப்படியேதான் இருக்கு."

"பாத்தா தெரியலையே."

"பாத்தா எப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். இன்றைக்காவது எரிந்து விழாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 28

ஆளுயர டிரம்கள் பன்னிரண்டு, வரிசையாக. எல்லாவற்றிலும் என் கரி. பட்டறையின் மொத்தத் தண்ணீரும் இனி இவற்றின் வழியாகத்தான். கடைசி டிரம்மிலிருந்து ஒரு நீலக் குழாய் தரைக்குள் இறங்கி ஆர்.ஓ. அறைப் பக்கம் போகிறது. அப்படித்தான் சொன்னார்கள்.

சாயம் பிடித்து முடிந்த கரியை என்ன செய்வது என்று கேட்டேன். "மூட்டையில கட்டி வைங்க, பாத்துக்கலாம்" என்றார் ரத்தினசபாபதி. இந்த ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்.

மார்ச் 8

மகளிர் தினம் கொண்டாடினார்களாம். பட்டறை வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, சுண்டல். பேனரில் ரத்தினசபாபதி ஓராள் உயரத்துக்குச் சிரிக்கிறார். கீழே ஓரத்தில், 'இயற்கை முறையில் சாயநீரைச் சுத்தம் செய்யும் எங்கள் பெண் ஊழியர் கோதாநாயகி.' என் பெயர் கோதைநாயகி. பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவர்கள் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

மேடையில் அவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். கைதட்டினார்கள். குடித்துத் தொலைக்கப் போகிறாரே என்று பயந்தேன். குடிக்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டு வேறு பாட்டிலைத் திறந்து குடித்தார்.

பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். என்னைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

மார்ச் 20

வெயில் கொளுத்துகிறது. ஆர்.ஓ. அறைப் பக்கம் போனேன். மோட்டார் சத்தம் கேட்கவில்லை. இப்போதைய மோட்டார்கள் சத்தம் போடுவதில்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 3

வாசலில் என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னான். ஒரு பெண் தூக்குப்போசியோடு நின்றிருந்தாள். ஐம்பதுக்குள் இருக்கும். வெயிலில் காய்ந்த கழுத்து, பளிச்சென்ற கண்.

"நீதானுங்களா கண்ணு அந்தக் கரி போட்டுத் தண்ணி சுத்தம் பண்ற டீச்சரு? எம் பேரு பாவாயி. ஓடைக்குக் கீழ்புறம் எங்க காடு தோட்டம்."

ஆமாம் என்றேன்.

"இத்தன வருசமா அந்த ஓடை ரத்தமாட்டம் ஓடிக் கெடந்துதுங்க. மாட்ட அந்தப் பக்கமே முடுக்கறதில்ல. இப்பப் பாத்தா கண்ணாடியாட்டம் வருது. மாடெல்லாம் எறங்கிக் குடிக்குது. பேப்பர்ல உன்ற போட்டோ போட்டிருந்தாங்கன்னு எங்கூட்டுப் பையன் சொன்னான். உன்னையப் பாத்துக் கும்புட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

போசியில் தயிர். கட்டித் தயிர். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எந்த ஓடை அக்கா?"

"இந்தா, உங்க மதில ஒட்டித்தான் போகுது. நீலக் கொழாயில வந்து விழுகுதுல்ல." அவள் குரலில் சந்தோஷம் பொங்கியது. "எங்க கெணறு அடிமட்டம் தெரியுது, கண்ணு. சோளத்தட்டு வாடிப்போச்சு. இந்தத் தண்ணிய மோட்டார் வெச்சுக் கெணத்துல எறைச்சு விட்டுக்கலாம்னு இருக்கறோம். கோடைக்கு ஆகுமல்ல?"

அப்போதுதான் அந்த மானேஜர் ஆள் வந்து நின்றான். நான், "அக்கா, நான் வந்து உங்களப் பாக்கறேன்" என்றேன். அவள் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டு போனாள்.

தயிரை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 4

காலையிலேயே அவர் அறைக்குள் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், நீலக் குழாய் எங்க போகுது?"

துணித் துண்டைத் தேய்த்தார். "தெரிஞ்சுதானுங்களே கேக்கறீங்க."

"ஆர்.ஓ. ஓடுதா இல்லையா?"

"அதை ஓட்டுனா கரண்டுக்கே இந்தப் பட்டறைய எழுதிக் குடுக்கணும். எல்லாரும் ஓட்டறாங்கன்னா நெனைக்கறீங்க? மழை வந்தா உப்பெல்லாம் அடிச்சுட்டுப் போயிரும். நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

"அந்தத் தண்ணிய மாடு குடிக்குது சார். கிணத்துல விடப் போறாங்க."

"நானா குடிக்கச் சொன்னேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார், ரொம்ப அன்பாக. "டீச்சர், செவப்பாப் போனப்ப வாரம் ஒருத்தன் வந்து கேட்டுல நின்னு கத்துவான். இப்ப ஒரு மாசமா ஒருத்தனாவது கத்தறானா? அது உங்க வேலைங்க. பெருமைப்படுங்க."

அந்த மேஜையில் கனமான ஒரு பேப்பர்வெயிட் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கை எதுவும் செய்யவில்லை.

கடைசியில், "சரிங்க, உங்களுக்காக. திங்கக்கெழமை ஆர்.ஓ.வுக்கு மெக்கானிக்கு வர்றான். ஓட்டிரலாம். அதுக்குள்ள ஊரக் கூட்டிடாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை வரை பார்ப்போம். ஆர்.ஓ. ஓடிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது. யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஏப்ரல் 7

மெக்கானிக் வரவில்லை. கோயமுத்தூரில் ஏதோ சாவு வீடாம்.

ஏப்ரல் 9

வரவில்லை. தயிர்ப் போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வீட்டில் பாயசம் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. பிரபாகர், "எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? நீ சொல்ல வேண்டியத மொதலாளிகிட்டச் சொல்லிட்டேல்ல?" என்றான். சொல்லிவிட்டேன்தான். நான் அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். கண்ணாடி மாதிரி தண்ணீர் கெட்டது என்றால் யார் நம்புவார்கள்? ஒரு வாரத்தில் கிணறு நிறைந்துவிடப் போகிறதா என்ன?

பாயசத்தைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தேன். கை தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தேன்.

ஏப்ரல் 16

போனேன்.

எழுதத் தோன்றவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஓடைக்கரையில் இரண்டு குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, அதிலிருந்து ஓஸ், ஓஸின் மறுமுனை கிணற்றில். தண்ணீர் முக்கால் கிணறு நிற்கிறது. அவ்வளவு தெளிவு. அடியில் கிடக்கிற பாறை தெரிகிறது. வாளியில் இறைத்து மீட்டரை விட்டுப் பார்த்தேன். ஐயாயிரத்து எண்ணூறு.

சோளத்தட்டு நுனியெல்லாம் தீய்ந்து பழுப்பேறியிருக்கிறது. மிளகாய் நாற்று மொத்தமும் கருகிச் சாய்ந்துவிட்டது. பாத்தி ஓரத்தில் கோலமாவு சிந்தியது போல வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

பாவாயி மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"சினை மாடு கன்னு வீசிருச்சு, டீச்சர். எட்டு மாசச் சினை, செத்துத்தான் விழுந்துது. மத்த ரெண்டும் கழிஞ்சுட்டே கெடக்குது. டாக்டர் வந்து பாத்துட்டு என்ன தண்ணி காட்டறீங்கன்னு கேக்கறாரு."

அவள் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருக்கிறார். பையன் வேலைக்குப் போய்விட்டான். அவள் மட்டும் ஒரு கோணிச்சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு குளம்பு வெளியே தெரிந்தது.

சொன்னேன். கரி நிறத்தை மட்டும்தான் எடுக்கும், உப்பை எடுக்க வேண்டிய ஆர்.ஓ. பூட்டிக் கிடக்கிறது என்று. முன்னால் சிவப்பாக வந்ததும் இப்போது வெள்ளையாக வருவதும் ஒரே தண்ணீர் என்று. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அவள் போய் நிறுத்திவிட்டு வந்தாள். திடீரென்று வந்த நிசப்தத்தில் மாடு மூச்சு விடுவது கேட்டது.

"செவப்பா ஓடுனப்ப எங்களுக்கு வெவரம் தெரிஞ்சுது" என்றாள். "கொழந்தைகூடக் கால வெக்காது. நீ வந்து அத நல்ல தண்ணியாட்டம் ஆக்கிக் குடுத்துட்டே."

"அக்கா, எனக்கும் ஓடைக்கு விடறாங்கன்னு..."

"நான் தயிர் கொண்டாந்தன்னிக்குக் கெணத்துல எறைக்கப் போறமுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அன்னிக்கே உனக்கு இது தெரியுமா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 17

லீவு போட்டேன். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பிரபாகர் ஏதோ கேட்டான். கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

ஏப்ரல் 21

புகார் கொடுக்க வேண்டிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நான்காவது முறை எடுத்தார்கள்.

"தண்ணி என்ன கலர்ல போகுதும்மா?"

"கலர் இல்லைங்க. உப்பு இருக்கு."

"கலர் இல்லீன்னா எதுக்கும்மா புகார்?"

விளக்கினேன். மாடு, கிணறு, சோளத்தட்டு எல்லாம் சொன்னேன்.

"போட்டோ எடுத்து வாட்ஸப் பண்ணுங்க, ஐயாகிட்டக் காட்டறேன்."

ஓடையைப் போட்டோ எடுத்தேன். கூழாங்கற்களுக்கு மேல் பளிங்கு மாதிரி தண்ணீர், அதில் வானம், ஒரு கொக்கு. காலண்டரில் போடலாம். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்த வெறியை என்ன சொல்ல! அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 28

ஒரு வாரமாக யாரும் வரவில்லை. எழுத்திலும் புகார் கொடுத்துவிட்டேன். ரத்தினசபாபதிக்குத் தகவல் போயிருக்கிறது. இன்று என்னைத் தாண்டும்போது நின்று, "டிரம்முல கரி மாத்தற வேலைய அந்தப் பசங்களுக்கும் கத்துக் குடுத்துருங்க டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் வேலையை விட்டுவிட்டுப் போகலாம். போனால் அந்தப் பையன்கள் கரியை மாற்றுவார்கள், அமிலத்தை ஊற்றுவார்கள், தண்ணீர் தெளிவாகவே ஓடும். கீழே இன்னும் எத்தனை கிணறு இருக்கிறது! கழிச்சலில் இரண்டு மாடு செத்த பிறகு பாவாயி போய் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். "உன்ற மாடு சீக்குல போயிருக்கும், தண்ணியக் கொற சொல்றியா" என்று கேட்டார்களாம்.

மே 5

இன்றைக்குச் சிவப்பு ஓடுகிற நாள் என்று தெரியும். ஏற்றுமதிக்குப் பெரிய ஆர்டர், பொழுது விடிவதற்கு முன்பே மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

ஏழு மணிக்குப் போனேன். அமிலக் குழாயை அடைத்தேன். டிரம்களுக்குப் போகிற வால்வை மூடிவிட்டு, டிரம்களைத் தொடாமல் நேராக நீலக் குழாயில் சேர்கிற பழைய குழாயின் வால்வைத் திறந்தேன். துருப்பிடித்திருந்தது. முழங்கையால் இடித்து, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு திருகினேன். திறந்துகொண்டது.

உப்பு எப்படியும் போகத்தான் போகிறது. சாயத்தோடேயே போகட்டும். எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும்.

மதிலுக்கு வெளியே போய் நின்றேன். நீலக் குழாயிலிருந்து முதலில் வெளிறிய ரோஸ் நிறம், பிறகு சிவப்பு, பிறகு கெட்டிச் சிவப்பு. கொக்கு எழுந்து பறந்துவிட்டது. கரையோரமாகவே அதன் கூட நடந்தேன். வளைவைத் தாண்டியது, பாலத்துக்கடியில் போனது. பாலத்தின் மேல் பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். தண்ணீரில் நின்றிருந்த எருமையை ஒரு பெண் கல்லால் அடித்துக் கரையேற்றினாள். அதைப் பார்த்தபோது எனக்கு மூச்சு வந்தது.

ஒன்பது மணிக்கு வாசலில் ஊர் கூடிவிட்டது. ரத்தினசபாபதி காரிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"என்னங்க டீச்சர் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கலரை எடுக்கலைங்க சார். அவ்வளவுதான்."

முதல் தடவையாக அவர் கையிலிருந்த துணித் துண்டு கீழே விழுந்தது.

கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். வகுப்பில் பேசுகிற குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. நேற்று வரை வந்த தண்ணீரும் இதே தண்ணீர்தான், நிறத்தை மட்டும் நான்தான் எடுத்தேன், கிணற்றில் விட்டிருந்தால் இறைக்காதீர்கள், மாட்டுக்குக் காட்டாதீர்கள் என்று கத்தினேன். ஒரு பெரியவர், "இத்தன நாளு வாயில என்ன வெச்சிருந்தே?" என்றார். இன்னொருத்தன் என்னை நோக்கிச் செருப்பைத் தூக்கினான். பாவாயி அவன் கையைப் பிடித்து இறக்கினாள். என் முகத்தைப் பார்க்காமல், "அவளுக்கு அப்பறம் வெச்சுக்கலாம். மொதல்ல இந்தாள ஆர்.ஓ. ரூமத் தொறக்கச் சொல்லு" என்றாள்.

ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தெளிந்த தண்ணீருக்கு இரண்டு வாரம் வராத ஜீப், சிவந்த தண்ணீருக்கு மத்தியானத்துக்குள் வந்தது.

பூட்டை உடைத்தார்கள். சவ்வு இருக்க வேண்டிய குழாய்கள் எல்லாம் வெறும் கூடு. உள்ளே கூரை வரை துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன.

மே 6

பட்டறைக்குக் கரண்டைத் துண்டித்துச் சீல் வைத்துவிட்டார்கள். ஓடையில் சாயம் கலந்தது நான்தான் என்று ரத்தினசபாபதி போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு விதத்தில் அந்த ஆள் எழுதிய ஒரே உண்மை.

ஸ்டேஷனில், "வால்வத் தொறந்தது யாரு?" என்றார்கள். "நான்தான்" என்றேன். "யாராவது தூண்டிவிட்டாங்களா?" என்றார்கள். "ஆமா" என்றேன். பெயர் கேட்டார்கள். ரத்தினசபாபதி என்றேன். அந்த எஸ்.ஐ. பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

பிரபாகர் வெளியே வேப்பமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். நான் வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அவனைத் திட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மே 19

பஸ் நிறுத்தத்தில் பட்டறைப் பெண்கள் மூன்று பேர். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாமவள் திருப்பவில்லை. "எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டு நீ எங்க போறே டீச்சர்?" என்றாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேஸ் நடக்கிறது. அவர் மீதும், என் மீதும். அவர் வக்கீல் வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு மாதத்தில் திறந்துவிடுவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜூன் 2

கோடை மழை ஒன்று பெய்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு பாவாயி காட்டுக்குப் போனேன். தினமும் போகிறேன். அவள் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. கிணறு ஐயாயிரத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. கிணற்றை அடியோடு இறைத்து, ஊறுகிற புது ஊற்றையும் இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டினால்தான் ஏதாவது நம்பிக்கை உண்டு என்றேன். அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே மாடு. அதற்குத் தெருக்குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கிறாள்.

"இறைச்சுரலாம். டேங்கர் லாரிக்குச் சொல்லி வெக்கறேன்" என்றாள்.

ஜூன் 5

டேங்கர் வந்தது. டிரைவர் வாட்டசாட்டமான ஆள், நல்ல மாதிரி. ஓஸைக் கிணற்றில் இறக்கிவிட்டு பீடி பற்றவைத்தான். இன்ஜின் ஓட, தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பாவாயி வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் டிரைவரு, இத எங்க கொண்டுபோயி ஊத்துவீங்க?"

"அது எங்க வேலைங்க்கா. எங்கியாச்சும் ஊத்திக்கறோம்."

"எங்கியாச்சும்னா?"

"ரோட்டோரத்துல, பள்ளத்துல. அந்தப் பக்கம் குட்டை ஒண்ணு வறண்டு கெடக்குது. சாக்கடைத் தண்ணியா இருந்தாத்தான் சண்டைக்கு வருவாங்க. இது பைப்புத் தண்ணியாட்டம் இருக்குது. யாரு கேக்கப் போறாங்க?"

பாவாயி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். என்னைத்தான் கேட்டாள்.

"டீச்சர், இத எங்க ஊத்துனா ஒருத்தருக்கும் கெடுதல் இல்ல?"

எத்தனை வருடம் படித்தேன்! எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தேன்! உப்பைக் காய்ச்சிப் பிரிக்கலாம், அதற்கு ஒரு தொழிற்சாலை வேண்டும். சவ்வில் வடிக்கலாம், அதற்கும் ஒரு தொழிற்சாலை வேண்டும். அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில்தான் துணி மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலைங்க்கா" என்றேன்.

அவள் போய் லாரியின் கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"இன்ஜின நிறுத்துங்க."

"பாதிதான்க்கா ஏறியிருக்கு."

"ஏறுனதத் திருப்பிக் கெணத்துலயே விடுங்க. உங்க வாடகைய வாங்கிட்டுப் போங்க."

"என்னங்க்கா, நீங்களே கூப்புட்டுட்டு..." அவனுக்குச் சிரிப்பு வந்தது. "உப்புத் தண்ணிய வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

"அந்தக் குட்டையில எவ மாடு தண்ணி குடிக்கும்னு உனக்குத் தெரியுமாடா?" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "எவகிட்டயாச்சும் சொல்லிட்டு ஊத்துவியா? சொல்லுடா, சொல்லுவியா?"

அவன் பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு ஓஸைத் திருப்பிக் கிணற்றில் விட்டான். தண்ணீர் அத்தனையும் விழுந்து முடிகிற வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. நானும் நகரவில்லை.